செனட்டருக்குத் தெரிவித்தாகிவிட்டது

"காதுல இருக்கறதையும் கழட்டி வெச்சுடுங்க ஐயா. திங்கக்கிழமைலேருந்து புது ரூல்" என்றார் செனட் கட்டடத்து ரகசிய அறையின் வாசலில் நின்ற காவலர் ஒடெஸா.

செனட்டர் ஏமஸ் தர்லோ கைப்பேசியையும் கைக்கடிகாரத்தையும் ஏற்கெனவே சுவரோர மர அலமாரியின் பொந்து ஒன்றில் வைத்துவிட்டிருந்தார். இப்போது மொச்சைக்கொட்டை அளவிலிருந்த அந்தச் சின்னக் கருவியைக் காதிலிருந்து எடுத்து, மனசே இல்லாமல் ஒடெஸாவின் கையில் வைத்தார்.

"இது இல்லாம உள்ள உக்காந்து நான் என்னத்தம்மா பண்றது?"

"கரண்டுல ஓடற எதுவும் ரகசிய அறைக்குள்ள போகக் கூடாதாம். உங்களுக்குன்னு தனியாவா போட்டாங்க? திரும்பி வந்து வாங்கிக்குங்க, எங்கயும் ஓடிடாது."

பின்னால் நின்றுகொண்டிருந்த லைல் பிரானக் அதை எட்டிப் பார்த்தார்.

லைல் உளவு நிறுவனத்தின் ஆள். ஆனால் வெளிநாட்டில் மதில் ஏறிக் குதிக்கிற ரகம் இல்லை. நிறுவனத்துக்கும் செனட்டர்களின் மேற்பார்வைக் குழுவுக்கும் நடுவே நடையாய் நடப்பதுதான் அவர் உத்தியோகம். செனட்டர் கேள்வி கேட்டால் பதில் கொண்டுபோக வேண்டும். பதில் இல்லையென்றால், பதில் வந்துகொண்டே இருக்கிறது என்ற செய்தியையாவது கொண்டுபோக வேண்டும். செனட்டர் வீட்டு நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் அதையும் மறக்காமல் விசாரிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, நிறுவனம் எங்கேயாவது சொதப்பினால் குழுத் தலைவரான தர்லோவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது சட்டம். தெரிவிப்பதில்தான் லைலின் கைவண்ணம். ஏதாவது ஒரு நாட்டின் மழை நிலவரத்துக்கும் 'தங்கள் பொன்னான நேரத்துக்கு நன்றி'க்கும் நடுவில் சொதப்பலை நைசாகச் செருகிவிடுவார். கேட்டவருக்குக் கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும்.

இன்றைய சொதப்பல் ஒரு செருப்புக் கடை. ஒரு வெளிநாட்டுத் தலைநகரில் ராணுவ அலுவலகத்துக்குப் போய்வருகிறவர்களைப் படம் எடுப்பதற்காக, அதற்கு நேர் எதிரே நிறுவனம் அந்தக் கடையைத் திறந்திருந்தது. இரண்டு வருஷம் படமாக எடுத்துத் தள்ளியபிறகு, எதிர்க் கட்டடத்தில் இருப்பது பல் மருத்துவக் கல்லூரி என்று தெரியவந்தது. ராணுவம் எப்போதோ ஊருக்கு வெளியே குடிபோய்விட்டிருந்தது.

நாளைக் காலையில் நிறுவனத்தின் டைரக்டர் குழுவின் முன்னால் வந்து உட்காரப்போகிறார். 'எனக்குத் தெரிவித்துவிட்டார்கள்' என்று தர்லோ இன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நாளைக்கு அதைப்பற்றிக் கேள்வி வராது. டைரக்டரை எதிர்பாராத கேள்வியில் மாட்டிவிட்ட குற்றத்துக்காக, லைலுக்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது அலாஸ்காவில் ஒரு சரக்குக் கிடங்குக்குக் காவலாக இருக்கிறார். லைலும் மனைவி கொரினும் வர்ஜீனியாவில் போன மாதம்தான் வீடு வாங்கியிருந்தார்கள்.

"கெட்டுது காரியம்" என்றார் லைல், சாட்சிக்காகக் கூட வந்திருந்த நிறுவன வக்கீல் கில் பெட்டிபோனிடம். "காது மெஷினைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. அது இல்லாம கிழவருக்கு ஒரு மண்ணும் கேக்காதே!"

முன்னால் போய்க்கொண்டிருந்த தர்லோ ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே நடந்தார்.

ஜன்னலே இல்லாத அறை. கனத்த கதவு சாத்திக்கொண்டதும் லைல் வழக்கமான குரலில் ஆரம்பித்தார்.

"செனட்டர் ஐயா, நம்ம நாய்க்குட்டி இப்ப எப்படி இருக்கு?"

தர்லோ காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, அன்பாகச் சிரித்தார். "ஒண்ணும் கேக்கலியே தம்பி."

"நாம பாட்டுக்குச் சொல்லிட்டு, சொல்லியாச்சுன்னு வெச்சுக்கக் கூடாதா?" என்று லைல் வக்கீலிடம் கேட்டார். "நம்ம வாயிலேருந்து வந்துட்டாப் போதாதா?"

"காதுல விழுந்தாத்தான் தெரிவிச்சதுக்குக் கணக்கு. வாயிலேருந்து வந்ததை மட்டும் வெச்சு நான் எப்படிச் சாட்சி சொல்றது?" என்றார் பெட்டிபோன்.

லைல் குரலை உயர்த்தினார். தர்லோ தலையை ஆட்டினார், கேட்கவில்லை. இன்னும் உயர்த்தினார். மழை நிலவரத்தையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க, "செருப்புக் கடை ஐயா, செருப்புக் கடை!" என்று கத்தினார்.

கதவுக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியிலிருந்து ஒடெஸா கதவைத் தட்டித் திறந்தார்.

"சார், சத்தம் வெளிய வருது. செருப்புக் கடைன்னு தெளிவா கேட்டுச்சு. எங்க சார் இருக்கு? எனக்கும் ஒரு ஜோடி வாங்கணும்."

"ஐயோ, கேட்டதை மறந்துடுங்க, ஒடெஸா!"

"மறந்துடறேன். ஆனா இந்தக் காரிடார்ல ரெண்டு நிருபருங்க போனாங்க. அவங்களையும் கூப்பிட்டு மறக்கச் சொல்லட்டுமா?"

லைல் அறையை விட்டு வெளியே வந்து, ஒடெஸாவின் காதோரம் குனிந்தார்.

"அந்தக் கருவியை மட்டும் அவருக்குக் கொடுத்துடுங்களேன். ஒரு பத்து நிமிஷம்."

"அதையா? உள்ளயா? நல்லா இருக்கு சார் கதை!" ஒடெஸா சிரித்துவிட்டார். "வேணும்னா உங்க ஆபீசுக்கு அனுப்பிப் பிரிச்சுப் பாத்து, சீல் வாங்கிட்டு வாங்க. ரூல் போட்டதே உங்க ஆபீஸ்தானே?"

அது உண்மைதான். லைல் பொந்திலிருந்து தன் கைப்பேசியை எடுத்து, மேல்மாடி உணவகத்தில் பீன்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்த தன் மேலதிகாரி மார்ஜரி ஸ்டோல்ட்ஸை அழைத்தார். அந்த அம்மாள் சூப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கோபத்தோடு உள்ளே நுழைந்தார்.

"இது ஒரு பிரச்னையா? போர்டுல எழுதிக் காட்ட வேண்டியதுதானே!"

லைல் பலகையில் எழுதினார். தர்லோ கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "படிக்கற கண்ணாடி மேல என் ரூம்ல இருக்கு, தம்பி. கொஞ்சம் பெரிசா எழுதறியா?"

பெரிசாக எழுதினால் பலகையில் நாலு வார்த்தைதான் அடங்கும். அழித்து அழித்து எழுத வேண்டும். "அழிக்கற துணியும் இனிமே ரகசியம்தான். வெளிய கொண்டுபோகக் கூடாது, எரிக்கணும்" என்றார் பெட்டிபோன். துணி இல்லாததால் லைல் தன் கைக்குட்டையால்தான் அழித்துக்கொண்டிருந்தார். அது கொரின் பிறந்தநாளுக்குக் கொடுத்தது. பெட்டிபோன் அதை வாங்கி, எரிக்க வேண்டிய பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த சண்டை, எந்த நாலு வார்த்தையை எழுதுவது என்று வந்தது.

"'எதிர்பாராத பலன் கிடைத்தது'ன்னு எழுது" என்றார் மார்ஜரி.

"மேடம், பல்லுதான் கிடைச்சுது" என்றார் லைல்.

"மெதுவாப் பேசுங்க" என்றார் பெட்டிபோன்.

"எதுக்கு மெதுவா? அவருக்குத்தான் இடி விழுந்தாலும் கேக்காதே!" என்ற மார்ஜரி, தர்லோவைப் பார்த்து இனிமையாக ஒரு புன்னகை பூத்துவிட்டுத் தொடர்ந்தார். "இந்த மனுஷன்கிட்ட அளவா சொன்னாப் போதும். அதிகமா சொன்னா நாளைக்கு அதிகமா கேப்பாரு."

தர்லோவும் இனிமையாகப் புன்னகை செய்தார்.

"அப்ப, ராணுவம் காலி பண்ணிட்டுப் போனது நமக்கு முதல் வருஷமே தெரியும்ங்கறதை எழுத வேணாமா?" என்று வக்கீல் கேட்டார்.

லைல் திரும்பினார். "தெரியுமா?"

"தெரியாம என்ன? கடை அமோகமா ஓடுதேன்னு மூடாம விட்டுட்டாங்க" என்றார் மார்ஜரி. "பண்டிகை சீசன்ல பாதி விலைத் தள்ளுபடி வேற. நானே ரெண்டு ஜோடி வரவழைச்சேன்."

"குடைக் கடையையும் சேத்தே சொல்லிடலாமா?" என்றார் பெட்டிபோன்.

"எந்தக் குடைக் கடை?"

"துறைமுகத்தை நோட்டம் விட ஒண்ணு வெச்சோமே. அங்கேருந்து பாத்தா துறைமுகமே தெரியாது. நடுவுல ஒரு மாதா கோயில் மறைக்குது."

"அதை யாரும் கேக்கலைல்ல? கேக்கறப்ப பாத்துக்கலாம்" என்று மார்ஜரி கையை உதறினார். "போன வருஷம் இவர்கிட்ட நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு ரகசியத் தகவல் சொன்னோமே, அது அந்த ஊர்ப் பேப்பர்ல வந்ததுன்னு சொன்னோமா? இல்லையே! மனுஷன் எழுந்து நின்னு கையெல்லாம் குலுக்கினாரு!"

தர்லோவுக்கு இருமல் வந்தது. லைல் ஓடிப்போய் ஒரு குவளை தண்ணீர் கொடுத்தார். கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பேசி முடிங்க, எனக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றார். லைலுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை பெரிய மனிதர், தன்னைப்பற்றித் தன் முன்னாலேயே பேசுகிறார்கள் என்றுகூடத் தெரியாமல் குழந்தை மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று நெஞ்சு கனத்தது.

அந்தப் பரிதாபத்தில்தான், நடித்துக் காட்டலாம் என்ற யோசனை அவருக்கு உதித்தது.

முதலில் தன் காலணியைக் கழற்றித் தண்ணீர்க் குவளைத் தட்டில் வைத்து நீட்டினார். அது செருப்புக் கடை. பெட்டிபோன் ராணுவ வீரரைப் போல விறைப்பாக நடந்து, அறையின் மறு மூலைக்குப் போனார். அதுதான் ராணுவம் இடம் மாறியது. பல் மருத்துவக் கல்லூரிக்குத்தான் ஆள் இல்லை. கடைசியில் மார்ஜரி பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து, பிறகு வாயைத் திறந்து, கடித்த பல்லைக் காட்டினார். லைல் ஒற்றைக் காலணியோடு அவர்மேல் குனிந்து, பேனாவால் அவர் கடைவாய்ப் பல்லைத் தட்டினார்.

"ஆ!" என்றார் மார்ஜரி. இந்தத் தடவை அது நடிப்பில்லை.

தர்லோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தோள் குலுங்கியது, கண்ணில் நீர் வழிந்தது.

"போதும், போதும். செருப்பு விக்கப் போய்ப் பல்லைப் பாத்துட்டு வந்திருக்கீங்க, அதானே? எனக்குத் தெரிவிச்சாச்சு. முழுசாவே தெரிவிச்சாச்சு. வக்கீல் தம்பி, இதுக்கு நீதான் சாட்சி."

மார்ஜரி லைலின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பொழைச்சே!"

வெளியே வந்ததும் தர்லோ முதல் வேலையாகக் கருவியை வாங்கிக் காதில் மாட்டிக்கொண்டார். சற்று நேரம் அசையாமல் நின்றவர், "சே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். சத்தம் கூடுதலாக வைத்திருப்பார்போல என்று லைல் நினைத்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாக்கலாம், தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிழவர் விறுவிறுவென்று படியேறிப் போனார். மார்ஜரியும் தாடையைத் தடவிக்கொண்டே வக்கீலோடு கிளம்பினார்.

லைல் கொரினை அழைத்தார். "அலாஸ்கா கிடையாது. வீட்டுக்குத் திரைச்சீலை வாங்கணும்னியே, நல்லதாவே பாத்து வாங்கிடு!" என்றார். காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிவிட்டது. சந்தோஷத்தில் யாருக்காவது ஒரு நல்லது செய்ய வேண்டும்போல இருந்தது.

"ஒடெஸா, அடுத்த தடவை செனட்டர் இப்படித் தவிக்கக் கூடாது" என்றார். "எங்க ஆளுங்ககிட்டச் சொல்லி, உள்ள போட்டுக்கற மாதிரி அவருக்கு நல்ல காது மெஷின் ஒண்ணு பண்ணிக் கொண்டுவந்து தரேன்."

பொந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்த ஒடெஸா, துடைப்பதை நிறுத்திவிட்டு அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"காது மெஷினா? அது பேஸ்பால் கமெண்ட்ரி கேக்கற ரேடியோ சார்! அவர் காதுக்கு என்ன கேடு? நான் அந்தக் கோடியில நின்னு மிட்டாய்க் காகிதத்தைப் பிரிச்சா, இங்கேருந்தே 'எனக்கு ஒண்ணு எங்க, ஒடெஸா'ன்னு கேப்பாரே!"