ஆரஞ்சுத் தோலும் முகூர்த்தப் புடவையும்

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவன் முதலில் தன் வீட்டில் இருப்பவர்களின் பிராணனை வாங்குவான். இதை நான் எங்கேயும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நானே வாங்கியிருக்கிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆகாத சமயம். கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டு, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தேன். கீழே முன்ஹாலில் அண்ணனும் அண்ணியும் பட்டுப்புடவை வியாபாரம் செய்தார்கள். போர்டு எல்லாம் கிடையாது. தறிக்காரர்களிடம் சொல்லி நெய்து வாங்கி, ஒருவர் சொல்லி ஒருவராக வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அண்ணன் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து அண்ணி பேசிவிடுவார்.

அப்போதுதான் என் போனில் ஒரு குழு வந்து சேர்ந்தது. 'ஒரு மாதப் பசுமைச் சவால்'. வாரத்துக்கு ஒரு நல்ல பழக்கம், தினமும் ஒரு போட்டோ. போட்டோ போட்டால் முன்பின் தெரியாத ஜனங்கள் பச்சை இதயம் அனுப்புவார்கள். அந்தப் பச்சை இதயத்துக்காக நான் செய்த காரியங்களை இப்போது நினைத்தால், அந்தப் பையனைக் கூப்பிட்டு ஒரு அறை கொடுக்கலாம் போல இருக்கிறது. (மூஞ்சி என் மூஞ்சியாகப் போய்விட்டதே என்றுதான் பார்க்கிறேன்.)

முதல் வாரம் பிளாஸ்டிக் ஒழிப்பு. இட்லிக் கடையில் போய், "சாம்பாரை கவர்ல கட்டாதீங்க, பூமி தாங்காது" என்றேன். கடைக்காரர், "சரிபா, பாத்திரம் குடு" என்றார். பாத்திரம் கொண்டுபோகவில்லை. பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். கொள்கையை விட்டுக்கொடுக்க முடியுமா? தோளில் மாட்டியிருந்த எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, வடை சட்டிக்குப் பக்கத்தில் இருந்த புனலை எடுத்து, சாம்பாரை ஊற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்த பாட்டிலை எதைப் போட்டுக் கழுவியும் பிரயோஜனமில்லை. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பெருங்காய வாசனை வந்தது. அந்த பாட்டிலைப் போட்டோ எடுத்து, 'மாற்றம் என்னிடமிருந்து' என்று எழுதிப் போட்டேன். நிறைய இதயங்கள் வந்தன.

இரண்டாவது வாரம், சமையலறைக் கழிவு. பழத்தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டால், அருமையான துப்புரவுத் திரவம் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் காட்டினார்கள். ஜூஸ் கடையிலிருந்து ஒரு பை நிறைய ஆரஞ்சுத் தோல் வாங்கிவந்தேன். வீடியோவில் அந்த அம்மாள் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பிளாஸ்டிக் பாட்டிலில் போடுங்கள், உள்ளே வாயு சேர்ந்தால் அது உப்பிக் காட்டிக்கொடுக்கும். தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியே விடுங்கள்.

பிளாஸ்டிக்கா, நானா? அந்த அம்மாளைப் பார்த்து எனக்குப் பரிதாபமாக இருந்தது. பாவம், இன்னும் பக்குவம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். சமையலறையில் அண்ணியின் பால் கேன் இருந்தது. எவர்சில்வர், ரப்பர் வளையம் வைத்த மூடி, அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப். காற்று உள்ளே போகாது, வெளியே வராது. எடுத்துக்கொண்டேன்.

"தம்பி, பால் கேன் எங்க?" என்று மறுநாள் அண்ணி கேட்டார்.

"அதுல என்சைம் ஊறுது அண்ணி."

"இன்னா சைம்?"

விளக்கினேன். அண்ணி முழுக்கக் கேட்டுவிட்டு, "குப்பைய கேன்ல வெச்சிக்கினு, பாலுக்கு இன்னா பண்றது? உன் சாம்பார் பாட்டில்ல வாங்கியாரட்டுமா?" என்றார். இந்த வீட்டில் அறிவுக்கு மரியாதை இல்லை என்று மாடிக்குப் போய்விட்டேன்.

ஆரம்பத்தில் தினமும் மூடியைத் தளர்த்தினேன். அதற்குள் அடுத்த வாரம் பிறந்து, சவால் நடைப்பயணத்துக்கு மாறிவிட்டது. என்சைமுக்குப் புது இதயம் எதுவும் வருவதாக இல்லை. கேனை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு நடக்கப் போய்விட்டேன். நல்ல மே மாத வெயில். கேன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் வாலாஜாபாத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். பெண் கீர்த்தனா, பெண்ணின் அம்மா, தாய்மாமன் மூன்று பேரும். அடுத்த வாரம் கல்யாணம். ஏற்கனவே சொல்லி நெய்த முகூர்த்தப் புடவையை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரர்களுக்கும் சில புடவைகள் பார்க்கலாம் என்று வந்திருந்தார்கள். முகூர்த்தப் புடவை மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். நிறத்தைச் சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் அதில் அப்பீல் கிடையாது என்று பேச்சிலேயே தெரிந்தது.

பாய்மேல் வெள்ளை விரிப்பைப் போட்டு அண்ணி புடவைகளைப் பரப்பியிருந்தார். கீர்த்தனா கண்ணாடி முன்னால் முகூர்த்தப் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அம்மா சந்தோஷமாக மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். தாய்மாமன் நாற்காலியில் கொட்டாவி விட்டார். அரிசி மண்டி வைத்திருப்பவர், புடவை பார்ப்பதில் அவருக்கு என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க நான் மாடியிலிருந்து இறங்கினேன். பொழுது போகாத மனிதர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டார்.

"தம்பி இன்னா பண்றாரு?"

கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். நான், "பூமிக்காகக் கொஞ்சம் வேலை செய்யறேங்க" என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆரம்பித்தேன். பிளாஸ்டிக், சாக்கடை, பாலாறு, வருங்காலத் தலைமுறை என்று ஒன்றையும் விடவில்லை. மூன்று வாரமாகப் போனில்தான் எனக்கு ரசிகர்கள். முதல் தடவையாக உயிரோடு ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். விடுவேனா? என்சைம் என்று சொன்னதும் அவர் மரியாதைக்கு, "அது எப்டி இருக்கும்?" என்றார்.

படிக்கு அடியிலிருந்து கேனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

"தம்பி, அத்த உள்ள வெச்சிட்டு வா" என்றார் அண்ணி. குரல் மெதுவாகத்தான் இருந்தது. வியாபாரம் நடக்கும்போது அவர் அப்படித்தான் அதட்டுவார்.

"ஒரு நிமிஷம் அண்ணி. எந்தக் கறையையும் எடுத்துடும் சார் இது. ரசாயனமே கிடையாது. உயிருள்ள பொருள். காதை வெச்சுக் கேளுங்க."

கேனை நன்றாகக் குலுக்கி அவர் காதருகில் பிடித்தேன். பெரிய மனிதர், குனிந்து கேட்டார். "ஆமா, உஸ்ஸுன்னுது" என்றார். ஏதோ தோன்றியிருக்க வேண்டும், தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அந்த மனிதருக்கு இன்றும் இரண்டு கண்ணும் நன்றாக இருப்பதற்கு அவருடைய குலதெய்வம்தான் காரணம், நான் இல்லை.

நான் கிளிப்பைத் தூக்கினேன்.

மூடி என் கையில் இல்லை. அது விட்டத்தில் மோதி, பீரோவுக்குப் பின்னால் எங்கேயோ போய் விழுந்தது. அதன் பின்னாலேயே பழுப்பு நிறத்தில் ஒரு ஊற்று கிளம்பி, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறிக்குப் போனது. மின்விசிறி பாரபட்சம் பார்க்கவில்லை. அழுகின ஆரஞ்சுத் தோலும் வெல்லத் தண்ணீரும் ஹால் முழுக்க மழையாகப் பெய்தன. கள்ளுக்கடைக்குள் யாரோ பழக்கடையைக் கவிழ்த்தது போல ஒரு நாற்றம்.

அண்ணியின் வேகத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெள்ளை விரிப்பின் முனைகளை வாரிப் பிடித்து, அதிலிருந்த எல்லாப் புடவைகளையும் ஒரே மூட்டையாகச் சுருட்டி, அதன்மேல் குப்புற விழுந்துவிட்டார். முதுகு முழுக்க என்சைம். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

ஆனால் முகூர்த்தப் புடவை மூட்டையில் இல்லை. அது கீர்த்தனாவின் தோளில் இருந்தது. முந்தானையிலிருந்து முழங்கால்வரை பழுப்புத் திட்டு. தோளில் ஒரு ஆரஞ்சுத் தோல், யாரோ அலங்காரத்துக்குக் குத்திவிட்டது போல.

இதோடு நான் ஓடிப்போயிருந்தால் நஷ்டம் பாதியோடு நின்றிருக்கும். நான் உதவி செய்தேன். கழுத்திலிருந்த துண்டை எடுத்து, ஈரத்தோடு பரபரவென்று துடைத்தேன். அண்ணன், "தேய்க்காதடா" என்றார். அதற்குள் அரக்கு பார்டரின் சாயம் புடவையின் மஞ்சள் உடம்புக்குள் கசிந்து, ஜரிகையோரம் பட்டு நூல் பிசிறிக்கொண்டு எழுந்து நின்றது.

தாய்மாமன் சட்டைப் பையிலிருந்து ஒரு தோலை எடுத்துக் கீழே போட்டார். "எந்தக் கறையையும் எடுத்துடும்னு சொன்னீங்களே தம்பி" என்றார். "இந்தக் கறைய எது எடுக்கும்?"

பெண்ணின் அம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "முகூர்த்தப் பொடவைமா இது. சம்பந்தியம்மாக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்?" அழுகையைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் உறைத்தது. அதுவரை அது என் போட்டோவுக்கான கேன். அந்த அம்மாளுக்கு அது ஒரே பெண்ணின் கல்யாணம். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. வாழ்க்கையிலேயே பேச்சு வராமல் போனது அன்றைக்கு ஒரு தடவைதான். பத்து நிமிஷம் முன்னால் வராமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கீர்த்தனா தோளிலிருந்த தோலை எடுத்தாள். புடவையை மெதுவாக மடித்து அண்ணியிடம் கொடுத்தாள்.

"எனக்கு இந்த கலர் மொதல்லேர்ந்தே புடிக்கலமா" என்றாள்.

அம்மாவின் அழுகை நின்றது. "இன்னாடி இப்ப சொல்ற?"

"இப்பதான கேக்குற. அவங்க போன்ல போட்டோ அனுப்பினாங்க, நீ சரின்னுட்ட. மஞ்சள்ல நான் காமாலக்காரி மாதிரி இருக்கேன்."

அண்ணி முதுகில் வழிவதைக்கூடத் துடைக்கவில்லை. மூட்டையைப் பிரித்து, அடியிலிருந்து ஒரு மயில்கழுத்து நிறப் புடவையை உருவி அவள் தோளில் போட்டார். கண்ணாடியைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே மடிப்பைச் சரிசெய்தார். தாய்மாமன் அங்கிருந்தே சம்பந்தி வீட்டுக்குப் போன் போட்டார். "பொடவைல சின்ன சேதாரம்மா. இங்க ஒரு விஞ்ஞானி இருக்காரு" என்று தொடங்கி அவர் சொன்னதை முழுக்கக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மாடிக்குப் போய்விட்டேன். குழுவில் அன்றைய போட்டோ ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தார்கள். குழுவிலிருந்து விலகினேன்.

கெட்டுப்போன புடவை எங்கள் தலையில்தான் விழுந்தது. பிறகு ஒரு நாள் அண்ணி அந்தப் புடவையில் கறை படாத இடங்களாகப் பார்த்து வெட்டி, சுருக்குக் கயிறு வைத்துப் பைகள் தைத்தார். புடவை வாங்குகிறவர்களுக்கு அதில் போட்டுக் கொடுத்தார். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அது தீர்ந்ததும் தறிக்காரர்கள் வீட்டில் மிஞ்சும் துண்டுத் துணிகளை வாங்கித் தைக்க ஆரம்பித்தார். இன்றுவரை எங்கள் வீட்டிலிருந்து ஒரு புடவைகூடப் பிளாஸ்டிக் கவரில் போவதில்லை. போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்புவதும் இல்லை.

பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு யாராவது, "நல்ல ஐடியாமா, யாரோடது?" என்று கேட்பார்கள்.

அண்ணி என் பக்கம் கையைக் காட்டுவார். "தோ நிக்கிறாரே, அவரோடதுதான். ஐடியா சொல்லல, ஊத்தினாரு."