ராணி வழியும் ஒரு தகரக் கதவும்

ஹைதராபாத்தில் வளர்ந்த எல்லோருக்கும் ஒரு ரகசியம் தெரியும். கோல்கொண்டா கோட்டையிலிருந்து சார்மினார் வரை சுரங்கப்பாதை இருக்கிறது. இதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதுதான் அதற்கு ஆதாரம். மாரெட்பள்ளியில் வளர்ந்த நானும் இதைத் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற கட்சி.

என்னைப் பெண் பார்க்க மன்னார்குடியிலிருந்து வந்தவர்கள், "அப்படியே ஊரையும் பார்த்துடலாமே" என்றார்கள். பஜ்ஜி, கேசரியோடு முடிய வேண்டிய சடங்கு கோல்கொண்டாவுக்குப் போனது அப்படித்தான். ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை கார்த்திக்கோடு மூன்று மாதமாகப் போனில் பேசி, இவன்தான் என்று நானும் முடிவு செய்துவிட்டேன். பாக்கி இருந்தது அவன் அம்மா கோமதியின் சம்மதம் மட்டும். அவரோ வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை.

புறப்படும் முன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாங்கள் வீட்டிலேயே ஆமாம் என்பதற்கு ஹவ், வேண்டாம் என்பதற்கு நக்கோ என்று பேசிப் பழகியவர்கள்.

"அவங்க முன்னாடி இந்த ஹவ், நக்கோ எல்லாம் கூடாது. சுத்தத் தமிழ்ல பேசணும். புரியுதா?"

"ஹவ்," என்றேன்.

அம்மா தன் பங்குக்குப் பட்டுப்புடவையைக் கட்டிவிட்டிருந்தாள். (கோட்டை ஏறப் பட்டு! என் அம்மாவுக்கு இமயமலையும் கல்யாண மண்டபமும் ஒன்றுதான்.)

பாதிப் படியில் கோமதி ஆன்ட்டி உட்கார்ந்துவிட்டார். "முட்டி வலிக்குது. நீங்க போயிட்டு வாங்க." மற்றவர்கள் எல்லோரும் மேலே போனார்கள். நான் நின்றேன். வெயில் ஏற ஏற அவர் முகம் கடுகடுத்தது. என் கல்யாணம் கண் முன்னால் படியிறங்கிப் போவதுபோல் இருந்தது. ஏதாவது செய்தாக வேண்டும்.

"ஆன்ட்டி, ராணிங்க போற ரகசிய வழி ஒண்ணு இருக்கு. படியே கிடையாது. நேரா கீழே போயிடலாம்."

கல்லூரிச் சுற்றுலாவில் ஒரு வழிகாட்டி ஏதோ ஓர் இருட்டுச் சந்தைக் காட்டி என்னவோ சொன்னார். என் ஞானம் மொத்தமும் அவ்வளவுதான். (அவர் கழிப்பறைக்கு வழி காட்டியிருக்கவும் வாய்ப்புண்டு.)

ஆன்ட்டி எழுந்து என் பின்னால் வந்தார்.

சரிவாக இறங்கிய சந்து போகப் போக ஒடுங்கியது. வௌவால் நாற்றம். போன் வெளிச்சத்தில் எதிரே ஒரு தகரக் கதவு தெரிந்தது, அதுவும் மூடியிருந்தது. திரும்பலாம் என்றால் என் புடவைக் கரை ஏதோ ஆணியில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு வௌவால் என் கொண்டையை உரசிப் பறந்தது.

"நக்கோ! நக்கோ ரே! நக்கோ!" என்று கோட்டையே அதிரக் கத்தினேன்.

போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் இருட்டிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏன் பொண்ணே, இந்த ஊரு வௌவாலுக்குத் தமிழ் தெரியாதா?"

அன்று முழுக்க அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. கேட்டுவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் புடவையை ஆணியிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினார் (கரை கிழிந்தது, அம்மாவிடம் அப்புறம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்). தன் முந்தானையை இழுத்துச் செருகினார்.

"தள்ளு. எங்க வீட்டுக் கொல்லைக் கதவு மழை பெஞ்சா இப்படித்தான் இறுகிக்கும். கல்யாணமான நாள்லேருந்து ஒதைச்சுத்தான் திறக்கறேன்."

ஒரே உதை. கதவு திறந்துகொண்டது. முட்டி வலி எந்தப் பக்கம் போனதோ!

உள்ளே துடைப்பங்கள், தண்ணீர்க் குழாய்ச் சுருள்கள், மண்வெட்டி. ராணிகளின் ரகசிய வழி, தோட்டக்காரர்கள் சாமான் போடும் இடத்தில் வந்து முடிந்தது. அதன் மறுபக்க வாசலைத் தாண்டினால் புல்தரை. புல்தரையில் ஊதாநிறப் புகை. புகைக்கு நடுவே லெஹங்காவில் ஒரு மணப்பெண், ஷெர்வானியில் ஒருவன், தலைக்கு மேலே டிரோன். யாருடையதோ ப்ரீ-வெட்டிங் ஷூட்!

"ஆன்ட்டி, ஜரா ஹட்டோ!" என்று போட்டோகிராபர் அலறினார்.

"என்ன சொல்றான்?"

"நகரச் சொல்றாங்க ஆன்ட்டி."

"இது ராணிங்க வர்ற வழியாம், ராணிங்கதான் வர்றோம்னு சொல்லு."

சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தார். தலையில் ஒட்டடை, என் தோளில் துடைப்பக் குச்சி. இருவரும் அந்தப் புகைக்குள் நிமிர்ந்து நடந்தோம். லெஹங்காப் பெண் கை தட்டினாள். போட்டோகிராபர் தலையில் அடித்துக்கொண்டு, பிறகு சிரித்துக்கொண்டே படமும் எடுத்தார். என் எண்ணுக்கு அனுப்பியும் வைத்தார்.

அதற்குள் கார்த்திக் அழைத்தான். ஆன்ட்டியின் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசும்.

"எங்கம்மா இருக்க?"

"கீழேதான். நீங்க மெதுவா படி இறங்கி வாங்க."

அவன் குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு எப்படிம்மா?"

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வழியும் தெரியல, ஒண்ணும் தெரியல. ஆனா என்னைத் தனியா விட்டுட்டுப் போகல. பேசி முடிச்சுடலாம்."

ஊதாப் புகைக்கு நடுவில் நானே ராணியாகிவிட்டேன்.

அந்தப் படம் இன்று மன்னார்குடி வீட்டுக் கூடத்தில், எங்கள் கல்யாணப் படத்தைவிடப் பெரிய சட்டத்தில் தொங்குகிறது. அதில் கார்த்திக் இல்லை என்பதில் அவனுக்கு இன்னும் மனத்தாங்கல்தான். வருகிறவர்கள் எல்லோரும் ஒட்டடைத் தலைகளை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவா கல்யாண போட்டோ?" என்று கேட்பார்கள்.

அத்தை காபியைக் கையில் கொடுத்தபடி பதில் சொல்வார்: "ஹவ்."