வெண்டோர் மாநகரில் மாதாந்திர ஆய்வு

வெண்டோர் மாநகரில் வெடிமருந்துக் கடை நடத்துகிறவர் யாரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்ற முக்கியமான கேள்வி, திருத்தங்கலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எழுந்தது. அப்படி ஒரு மாநகரம் உலகத்தில் எங்கும் கிடையாது என்பதைச் சம்பந்தப்பட்ட துறை ஒரு தடையாகக் கருதவில்லை.

நகரத்தை ஊருக்குக் கொண்டுவந்தவன் நவநீதகிருஷ்ணன், பட்டாசுக் கம்பெனி நல்லசிவத்தின் மகன். பெங்களூரில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஒரு தாடியோடும் ஒரு கொள்கையோடும் திரும்பியிருந்தான். செல்போனைப் பார்த்துப் பார்த்து மனிதகுலம் கெட்டுவிட்டது, இனி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கதை விளையாட வேண்டும் என்பது கொள்கை. அதை அவன் தினமும் செல்போனில்தான் பரப்பிவந்தான்.

விளையாட்டு இதுதான். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், திருடி, மந்திரக்காரி என்று ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, 'நான் இப்படிச் செய்கிறேன்' என்று வாயால் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். கதையை நவநீதன் சொந்தமாகக் கட்டவில்லை. வெளிநாட்டில் அச்சான இருநூற்று ஐம்பத்தாறு பக்கப் புத்தகம் வைத்திருந்தான். வெண்டோர் என்ற துறைமுக நகரம், அதன் வீதிகள், நூற்றுப் பன்னிரண்டு கடைகள், சிறைப்பட்ட இளவரசி எல்லாம் அதற்குள் இருந்தன. புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி நடத்துவதில் அவன் கண்டிப்பானவன். யாராவது வரைபடத்தில் இல்லாத சந்துக்குள் திரும்பினால், "அங்க சந்து இல்லை" என்று நிறுத்திவிடுவான்.

குடும்பத்து அச்சகத்தின் மாடியில் விளையாட்டு நடந்தது. தங்கை கீர்த்திகா திருடி. அச்சகத்தில் மெஷின் ஓட்டும் முனியராஜ் வாள்வீரன். மந்திரக்காரி செல்வலட்சுமி. கீர்த்திகாவோடு கல்லூரியில் படித்தவள், இப்போது விஸ்வநத்தத்தில் நல்லசிவத்தின் கம்பெனியிலேயே பேக்கிங் அறையில் வேலை. வாரத்தில் ஆறு நாள் பட்டாசை அலுங்காமல் பெட்டியில் அடுக்குகிறவளுக்கு, ஏழாவது நாள் தீக்கோளம் வீசுவதில் தனி சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம்தான் வினையானது. "தீக்கோளத்தைப் போடுறேன்! உள்ள இருக்கிற பதினேழு பேரும் காலி!" என்று அவள் கத்தியது ஜன்னல் வழியாக எதிர்வீட்டுக்குக் கேட்டது. எதிர்வீட்டுக்காரர் பொறுப்புள்ள குடிமகன். புகார் எண்ணுக்கு அடித்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பாதுகாப்பு ஆய்வாளர் கனகசபாபதி, கையில் அளவு டேப்பும் கக்கத்தில் கோப்புமாக மாடியேறி வந்தார்.

"வெடிமருந்து எங்க இருக்கு?"

"புத்தகத்துல சார்," என்றான் நவநீதன்.

"எந்தப் பக்கம்?"

தொண்ணூற்று நாலாம் பக்கத்தைக் காட்டினான். கனகசபாபதி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். ரசவாதி வீதியில் ஒரு குள்ளனின் கடை. நிலவறையில் நாற்பது பீப்பாய் கருமருந்து. மாடியில் குள்ளனும் மனைவியும் ஆறு குழந்தைகளும். அவர் முகம் வெளுத்தது.

"கீழ நாற்பது பீப்பாய், மேல குடும்பமா? என்ன தம்பி இது!"

"சார், இது கற்பனை."

"கற்பனையா இருக்கலாம். அச்சுல இருக்கே? அச்சுல இருந்தா ஆவணம்."

"அப்படி ஒரு ஊரே இல்லைன்னு எழுதி முடிச்சிருங்களேன் சார்," என்றாள் கீர்த்திகா.

கனகசபாபதி அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "புகாரை முடிக்க ரெண்டே கட்டம்தாம்மா இருக்கு. 'குறைபாடு கண்டறியப்பட்டது', 'குறைபாடு சரிசெய்யப்பட்டது'. ஊரே இல்லைங்கிறதுக்குக் கட்டம் கிடையாது."

ஆகவே குறைபாடு கண்டறியப்பட்டது. தொண்ணூற்று நாலாம் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, அரக்கு வைத்து, கடைக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார். கருமருந்து இல்லாமல் கோட்டைச் சுவரைத் தகர்க்க முடியாது. இளவரசி மூன்று வாரம் சிறையிலேயே கிடந்தாள். "நான் வாளாலயே இடிச்சுப் பாக்கட்டுமாண்ணே?" என்று முனியராஜ் கேட்டுக்கொண்டே இருந்தான். வேறு வழியில்லாமல் நவநீதன் குள்ளனின் சார்பில் மனு எழுதினான். குடும்பம் மீன்காரர் வீதிக்குக் குடிபோய்விட்டது, நிலவறையில் மணல் வாளிகள் வைக்கப்பட்டுள்ளன என்று குள்ளன் பணிவுடன் தெரிவித்தான். குறைபாடு சரிசெய்யப்பட்டது. சீல் உடைந்தது.

கனகசபாபதிக்கு உள்ளுக்குள் ஏதோ இளகிவிட்டது. முப்பத்தோரு வருஷ சர்வீசில், மறுபேச்சில்லாமல் குறையைச் சரிசெய்த முதல் உரிமையாளர் அந்தக் குள்ளன்தான்.

மறுவாரம் யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தார். "அடுத்த கடை எது தம்பி?"

அவருக்கு மாதம் பதினாறு ஆய்வு இலக்கு. வெண்டோரில் வெயில் இல்லை, உள்ளே விடாத வாட்ச்மேன் இல்லை, மேலிடத்திலிருந்து போன் வராது. மெழுகுவர்த்திக் கடை, மந்திரக்கோல் பட்டறை, டிராகன் தொழுவம் என்று ஒன்று விடவில்லை. டிராகனுக்குத் தீயணைப்புத் தடையின்மைச் சான்று கேட்டார். ஓர் அறையில் நால்வருக்கு மேல் கூடாது என்று மாயாவிகள் சங்கத்துக்கே உத்தரவு போட்டார். எல்லாவற்றையும் நவநீதன் பென்சிலால் புத்தகத்தில் திருத்தி எழுதினான். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஒரு ஒழுங்கு பிடிபட்டது. கடைசியில் இளவரசியைவிட மணல் வாளிகளைப் பற்றித்தான் அவனுக்கே அதிகக் கவலை.

ஏழு மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு கடைகளும் முடிந்தன. கனகசபாபதிக்குத் துறையில் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் முகம் வாடிப்போய் வந்தார்.

"இனிமே கடையே இல்லையா தம்பி? இந்த மாசம் இன்னும் ஒண்ணு குறையுது."

செல்வலட்சுமி பகடையைக் கீழே வைத்தாள்.

"ஒரு அறை இருக்கு சார். பட்டாசு பேக்கிங். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்துல பதினொரு பேர் இருக்கோம். ஒரே கதவு. அதுலயும் பாதியைப் பெட்டி அடைச்சுக் கிடக்கு."

"வெண்டோர்ல எங்க?"

"விஸ்வநத்தத்துல சார். பஸ்ல ஏறினா எம்புட்டு நேரம் ஆகப்போகுது? ஒருநாள் வந்து பாருங்களேன்."

நவநீதன் அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டினான். கனகசபாபதி தலையைச் சொறிந்தார்.

"நேர்ல வந்தா குறை இருக்கும்மா. குறை இருந்தா நோட்டீஸ், பதில், மறு ஆய்வு, கோர்ட்டு. கோப்பு முடியவே முடியாது. வெண்டோர்னா அன்னைக்கே முடிஞ்சிரும்."

செல்வலட்சுமி வரைபடத்தை இழுத்து, குள்ளனின் கடைக்கு அடுத்த காலி இடத்தில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டாள். அறை எண் ஒன்பது.

"இப்பப் பாப்பீகளா?"

"தாராளமா!" கனகசபாபதி பேனாவைத் திறந்தார். "உரிமையாளர் பேரு?"

"நல்லசிவம்."

கீர்த்திகா அண்ணனைப் பார்த்தாள். கதை நடத்துகிறவன்தான் எல்லா உரிமையாளர்களுக்கும் குரல் கொடுக்க வேண்டும். அது விதி. நவநீதன் தாடியைத் தடவினான், தொண்டையைச் செருமினான்.

"சீசன் நேரம் சார்," என்று ஆரம்பித்தான். "ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. வடக்கே லோடு போகலைன்னா பார்ட்டி கைவிட்டுப் போயிரும். இந்தப் பிள்ளைக எல்லாம் நம்ம பிள்ளைக மாதிரி சார். அதுகளாத்தான் ஒண்ணா உக்காந்து பேசிக்கிட்டே வேலை பாக்கணும்னு கேக்குதுக. காத்துக்காகக் கதவைத் திறந்துதான் வச்சிருக்கோம்…"

தடையே இல்லாமல் வந்தது. அப்பாவின் இருமல்கூட அதே இடத்தில் வந்தது. ஏழு மாதத்தில் அவன் பேசியதிலேயே இதுதான் சிறந்த நடிப்பு என்று முனியராஜ் கைதட்டினான். இதில் ஒரு வரிகூடப் புத்தகத்தில் இல்லை என்பது நவநீதனுக்குப் பேசி முடித்த பிறகுதான் உறைத்தது.

"அதெல்லாம் முடியாது," என்றார் கனகசபாபதி, வெண்டோரில் மட்டும் அவருக்கு வரும் கம்பீரத்தோடு. "ஏழு பேரை உடனே மாத்தணும். எங்க மாத்துறீங்க?"

"கிழக்கு வாசல் பக்கம் புது அறைக்கு சார்."

"எப்ப?"

"மாத்தியாச்சு சார்."

குறைபாடு சரிசெய்யப்பட்டது. பத்து நாளில் முத்திரையோடு சான்றிதழ் வீட்டுக்கே வந்தது. நல்லசிவம் அதை இருமுறை படித்தார். இருபது வருஷமாக அலைந்தும் கிடைக்காதது. மகன் பெங்களூரில் வெட்டியாக இருந்துவிட்டு வரவில்லை என்று அன்றைக்குத்தான் நம்பினார். கண்ணாடிச் சட்டம் போட்டு, "நீயே கொண்டுபோய் மாட்டுய்யா," என்றார்.

நவநீதன் ஒன்பதாம் எண் அறைக்குப் போனான். உள்ளே கால் வைக்க இடமில்லை. ஒருத்தி எழுந்து நின்றுதான் அவனுக்கு வழிவிட வேண்டியிருந்தது. கதவுக்கு மேலே ஆணியடித்து மாட்டினான். பதினொரு பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். செல்வலட்சுமி உரக்க வாசித்தாள்: "இவ்வறையில் நால்வர் மட்டுமே பணிபுரிகின்றனர்."

மூலையில் இருந்த வள்ளித்தாய் விரலை நீட்டி எண்ணிப் பார்த்தாள். அந்த அறையிலேயே மூத்தவள் அவள்தான்.

"அப்ப நாங்க ஏழு பேரு எங்கன இருக்கோம்?"

"வெண்டோர்ல இருக்கோம்க்கா," என்றாள் செல்வலட்சுமி. "கிழக்கு வாசல் பக்கம்."

வள்ளித்தாய் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நவநீதனைப் பார்த்தாள். "அங்கனயாச்சும் காத்து வருமா தம்பி?"

"நல்லா வரும்க்கா," என்றான் நவநீதன். "கடல் பக்கம்."

புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.