டோக்கன்காரரின் ஆணிப் பலகை

குழம்பாத மனிதர் யாராவது உலகத்தில் இருந்தால் எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலுக்கு அனுப்புங்கள். டோக்கன்காரர் ஐந்தே நிமிஷத்தில் குழப்பித் தருவார்.

சுரங்கம் ஓடிய காலத்தில், இறங்குகிற ஆளுக்கு டோக்கன் கொடுப்பதும், ஏறி வந்ததும் அதை வாங்கி ஆணியில் மாட்டுவதும் அவர் வேலை. ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே. சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அவர் மூடவில்லை. வீட்டு வாசலில் ஒரு பலகை, நிறைய ஆணி, ஆணிக்கு ஒரு சோடா மூடி. கஷ்டம் என்று யார் போனாலும் ஒரு மூடியை எடுத்துக் கொடுப்பார். தீர்ந்ததும் திரும்பக் கொண்டுபோய் மாட்ட வேண்டும்.

இதுவாவது புரிகிறது. எதிர் வீட்டுப் பெண்ணுக்கு பெங்களூரில் பெரிய வேலை கிடைத்தது. மைசூர்பாகு கொண்டுபோனாள். அவளுக்கும் ஒரு மூடி.

"நான் சந்தோஷமா கீறேன் தாத்தா, எனக்கு எதுக்கு?"

"இப்பதாம்மா எறங்குற. பத்திரமா ஏறி வா."

சிரிப்பதா அழுவதா என்று அவள் இரண்டு நாள் குழம்பினாள். மைசூர்பாகை நான்தான் தின்றேன். நெய் போதவில்லை, அது வேறு கதை.

அப்புறம் என் மகன் சேகருக்கு வேலை போனது. தினமும் ரயிலேறி பெங்களூர் போய்வந்தவன், ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். வைத்த சோறு வைத்தபடி இருந்தது. பயந்துபோய் டோக்கன்காரரிடம் ஓடினேன்.

"எத்தினியாவது லெவல்ல கீறான்?" என்றார். சுரங்கத்தின் ஆழத்தை லெவல் லெவலாகத்தான் எண்ணுவார்கள்.

"எனக்கு இன்னாண்ணே தெரியும்? கட்டில்ல கீறான்."

"பேசுறானா?"

"திட்றான்."

"அப்ப காத்து கீது. காத்து இருந்தா ஆளு வந்துருவான்."

மூடிகளில் நம்பர் எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அடையாளத்துக்கு நசுங்கியதாகப் பார்த்து ஒன்று கொடுத்தார்.

அன்றிலிருந்து ஷிப்டு தவறாமல் காலை, மத்தியானம், விளக்கு வைக்கிற நேரம் என்று வாசலில் வந்து நிற்பார். "தங்கச்சி, ஆளு ஏறியாச்சா?" சேகர் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வான்.

பதினோராம் நாள் காலை அவன் விருட்டென்று எழுந்து மூடியை என்னிடமிருந்து பிடுங்கினான்.

"இத்த அந்தாளு மூஞ்சிலயே வுட்டெறிஞ்சிட்டு வரேன்."

மகன் எழுந்துவிட்டானே என்று மகிழ்வதா, சண்டைக்குப் போகிறானே என்று பயப்படுவதா? செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

டோக்கன்காரர் பலகைக்குக் கீழே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். காது கேட்காது, அதனால் ஸ்பீக்கர். பங்காருப்பேட்டையிலிருந்து அவர் மகள் கத்தினாள்.

"பேத்திக்குக் காது குத்தியாச்சி. பந்தி போடப் போறாங்க. இன்னும் கெளம்பலியாப்பா நீ?"

"எப்டிம்மா வர்றது? ஒரு ஆளு கீழ கீறான். அவன் ஏறாம நான் எடத்த வுட்டு எழுந்துக்கக் கூடாது."

சேகரின் ஓங்கிய கை தானாக இறங்கியது. பலகையில் காலி ஆணியைத் தேடி மூடியை மாட்டினான்.

"மாமா, சட்டைய மாத்துங்க. வண்டிக்கு நேரமாச்சி. நான் கூட்டினு போறேன்."

"எந்த லெவல்லேர்ந்துபா வர்ற?"

"தெரியல. நீங்க நடங்க."

வேலை கிடைக்கவில்லை, கஷ்டம் தீரவில்லை. பிறகு எந்தக் கணக்கில் மூடியை மாட்டினான்? எனக்கு இன்றுவரை புரியவில்லை.

மத்தியானம் சேகருக்குப் போன் போட்டேன். அவனைப் பற்றி ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

"அவரு சாப்ட்டாராடா?" என்றேன்.