ருசி பார்க்காமல் உப்பு போட்டவர்

கம்ப்யூட்டர் கையேட்டைப் படிப்பதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டு, கை கால் அலம்பிக்கொண்டு, மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில், ஒரு டிபன் கடை மாடியில் உள்ள எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை பார்த்தார். சம்பளச் சீட்டில் பெயர் என்னவோ நீளமாக இருக்கும். எங்களுக்கு அவர் மடப்பள்ளி.

நாராயணவனம் பக்கம் ஒரு சின்னப் பெருமாள் கோவில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பெருமாளுக்குத் தளிகை சமைக்கிற குடும்பம் அவருடையது. பெருமாளுக்கு முன்னால் யாரும் ருசி பார்க்கக் கூடாது, வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. அதற்குத்தான் துண்டு. இவர் கம்ப்யூட்டர் படித்து வேலைக்கு வந்தாரே தவிர, துண்டை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

வந்த வாரமே காபி மெஷினில் பேரெடுத்தார். மெஷின் மேல் 'பொத்தானை அழுத்தவும், காபி வரும்' என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அழுத்தினார். வந்தது. தரையெல்லாம் வந்தது. ஓடிவந்த எங்களைப் பார்த்து, "டம்ளர் வைக்கச் சொல்லி எழுதலையே" என்றார். நாங்கள் துடைத்து முடிப்பதற்குள் சீட்டின் தலையில் 'முதலில் டம்ளரை வைக்கவும்' என்று தன் கையாலேயே எழுதிவிட்டார். குண்டூர்க்காரரான எங்கள் மேனேஜர் அசந்துபோய், இனி எந்தக் கையேடும் மடப்பள்ளி பார்க்காமல் வெளியே போகக் கூடாது என்று உத்தரவு போட்டார். பின்னால் அதற்காக நிறைய வருத்தப்பட்டார்.

அப்போதுதான் அந்தப் பெரிய வேலை வந்தது. சித்தூர் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் நோய் கண்ட இலையைப் போனில் படம் பிடித்து அனுப்புவார்கள். பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஏஐ ஏஜென்ட் அதை வாங்கி, எங்கள் சாஃப்ட்வேர் கருவி வழியாக, நோய் பார்க்கிற நிபுணர்களுக்கு அப்லோட் செய்ய வேண்டும். ஏஜென்ட் என்றால் பாலிசி எடுக்கச் சொல்லித் துரத்துகிறவர் அல்ல. எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டுத் தானாகவே வேலை செய்கிற புரோகிராம். திங்கட்கிழமை பெங்களூர்க்காரர் வந்து, அதனிடம் எங்கள் கையேட்டை மட்டும் கொடுத்துப் பார்ப்பார். அது தடுமாறினால் வேலை சென்னைக்குப் போய்விடும். நாங்களும் வேலை தேடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மாநில எல்லையில் இருக்கிற தடாவைத் தாண்ட வேண்டியதுதான். சென்னையில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டிவிட்டு அப்போதுதான் நகரி வீட்டோடு வந்து சேர்ந்திருந்த எனக்கு மறுபடியும் கிளம்ப மனசே இல்லை.

மடப்பள்ளி துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார், இதுக்குமா மூஞ்சிய மூடிக்கினு படிக்கணும்?" என்றேன்.

"இப்போ நான்தான் ஏஜென்ட். எழுதினது மட்டும்தான் எனக்குத் தெரியும்" என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது.

எங்கள் தோப்பில் கரும்புள்ளி விழுந்த ஒரு மாவிலையின் படத்தைக் கொடுத்தேன். 'படம் பெரிதாக இருந்தால் தேவையான அளவு சுருக்கவும்' என்றது கையேடு. எது பெரிது, எவ்வளவு சுருக்குவது என்று ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே சுருக்கினார். இன்னும் சுருக்கினார். மாவிலை கடுகானது. அதை அப்லோட் செய்தார். கருவி சந்தோஷமாகப் 'பெற்றுக்கொண்டோம்' என்றது. கையேட்டின்படி வேலை முடிந்தது. தோப்புக்காரர் கதையும் முடிந்தது.

மேனேஜர் பதறினார். உலகத்தில் எந்த ஏஜென்ட்டும் இந்த அளவுக்கு அசடாக இருக்காது என்று வாதாடினார். "மடப்பள்ளி காரு, இது சாலு, போதும், அனுப்பிடலாம்" என்று கெஞ்சியும் பார்த்தார்.

மடப்பள்ளி துண்டை அவிழ்த்தார். அவர் துண்டை அவிழ்த்தால் விஷயம் பெரிது என்று எங்களுக்குத் தெரியும்.

"உப்பு தேவையான அளவுன்னு ருசி பார்க்கறவாளுக்கு எழுதலாம் சார். ருசி பார்க்க முடியாதவாளுக்கு அளவைச் சொல்லணும். இறக்கினப்புறம் எதைப் பார்த்துச் சரின்னு தெரிஞ்சுக்கறதுன்னும் சொல்லணும்."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து திருத்தினோம். எதற்கு மேல் போனால் பெரிய படம், எதுவரை சுருக்கலாம், அப்லோட் ஆன படத்தைத் திரும்ப எடுத்து எப்படி ஒத்துப்பார்ப்பது, படம் கலங்கலாக இருந்தால் தோப்புக்காரரிடம் என்ன கேட்பது என்று எல்லாம் ஏறியது. ஏஜென்ட்டாக நடித்து நடித்து, வீட்டில் மாமி "சாப்பிட வாங்கோ" என்றதற்கு மனிதர் "எங்கே?" என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை வந்த பெங்களூர்க்காரர் லேசுப்பட்டவர் அல்ல. வேண்டுமென்றே சுவர் அளவுக்கு ஒரு படத்தையும், கலங்கலாக ஒரு படத்தையும் கொடுத்தார். ஏஜென்ட் முதல் படத்தைச் சொன்ன அளவுக்குச் சுருக்கி, அப்லோட் செய்து, திரும்ப எடுத்துப் பார்த்தது. திரையில் இலையின் கரும்புள்ளி ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டாவதை அப்லோட் செய்யாமல் வேறு படம் கேட்டது. பெங்களூர்க்காரர், தங்கள் ஏஜென்ட் கையேட்டில் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லையே, இதைப் பார்த்தது யார் என்றார். எல்லோரும் மடப்பள்ளியைக் காட்டினோம். என் சொந்த மாமனே ஜெயித்துவிட்ட மாதிரி எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் மேஜைக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். "எங்க பெருமாளும்தான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்லை. அதுக்காக அளவு பார்க்காம இருக்க முடியுமா?" என்றார்.

வேலை திருப்பதியிலேயே தங்கியது. எங்களில் ஒருவரும் தடாவைத் தாண்டவில்லை. மடப்பள்ளிதான், அப்பாவுக்கு முடியாமல் போனதும், ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு நிஜ மடப்பள்ளிக்கே போய்விட்டார்.

ஆபீசில் இப்போது புது காபி மெஷின். டம்ளரையும் அதுவே எடுத்து வைத்துக்கொள்கிறது. ஆனாலும் அவர் எழுதிய அந்தப் பழைய சீட்டை அதன் மேல் நான்தான் ஒட்டிவைத்திருக்கிறேன். யாராவது கிழிக்க வந்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.