சிவப்பு வட்டத்துக்குக் கீழே ஒரு குழந்தை வண்டி

அன்புள்ள இர்மா அக்காவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மைதானத்து விளக்குகள் அணைந்த பிறகுதான் பேனாவை எடுக்கத் துணிந்தேன். நீயும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள். நானும் என் வீட்டுக்காரர் வெர்னனும் குழந்தை கிளைடும் இதுவரை உயிரோடு இருக்கிறோம்.

பேஸ்பால் மைதானத்துச் சுவருக்குப் பின்தெருவில் இந்த வீடு கிடைத்தபோது, "டிக்கெட்டே வேணாம்டி, மாடி ஜன்னல்லயே ஆட்டம் பாத்துடலாம்" என்று வெர்னன் குதித்தார். புகைபோக்கியில் ஏன் சிவப்பு வட்டம் வரைந்திருக்கிறது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடம் முன்பு ஆர்லோ என்ற சுரங்கத் தொழிலாளி மைதானச் சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து அங்கே வந்து மோதியதாம். முடிவெட்டும் கடையில் கேட்டால் அது ஐந்நூறு அடி தூரம், தேவாலய வாசலில் அறுநூறு, மதுக்கடையிலோ அந்தப் பந்து புகைபோக்கியில் பட்டு எகிறி ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பசுவையே சாய்த்துவிட்டது. நான் சிரித்தேன் அக்கா. கல்லூரியில் இயற்பியல் படித்த திமிர். மனிதனால் அவ்வளவு தூரம் அடிக்கவே முடியாதென்று கணக்குப் போட்டே காட்டினேன்.

பிறகு இந்த ஊர் அணிக்கு ஹார்லன் வந்தான். எந்தக் கதவிலும் குனிந்து நுழைகிற ஆள். அவன் அடித்த பந்து சுவரையும் தெருவையும் தாண்டி, நான் காயப்போட்ட போர்வையைக் கொடியோடு இழுத்துக்கொண்டு விழுந்தது. அந்நேரம் கிளைடு வாசலில் குழந்தை வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்ததுதான் வினையாயிற்று. இந்த ஆட்டக்காரர்கள் நன்றாக அடிக்கும் காலத்தில், அதிர்ஷ்டம் போய்விடுமென்று எதையும் மாற்ற மாட்டார்கள்; ஹார்லன் காலுறையைக்கூடத் துவைப்பதில்லை. மறுநாளே அணி மேலாளர் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"அம்மா, அந்தக் கொழந்த வண்டி அதே எடத்துலயே இருக்கணும்."

"மண்டையில பந்து விழுந்தா?"

"விழாதும்மா. விழுந்தாலும் சரித்திரத்துல பேரு நிக்கும்!"

கதவைச் சாத்தி வண்டியை உள்ளே இழுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஹார்லனுக்கு ஒரு பந்தும் மாட்டவில்லை. ஊர் என்னை முறைத்தது. கறிக்கடைக்காரர் வெறும் ஜவ்வை நிறுத்துக் கொடுத்து, "வண்டி வெளிய வந்தா நல்ல கறியும் வெளிய வரும்மா" என்றார். பாதிரியார் தியாகத்தைப் பற்றிப் பேசும்போது என்னையே பார்த்தார். கடைசியில் வெர்னன், "காலி வண்டிய வெய்டி. உள்ள புள்ள இருக்கா இல்லையான்னு அவனுக்கு அங்கேருந்து தெரியவா போகுது?" என்றார்.

இன்று மாலை வைத்தோம். நான் நிலவறையில் கிளைடை மடியில் வைத்து, அவன் தலைமேல் ரொட்டித் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மரம் பிளந்தது போல ஒரு சத்தம். பிறகு தலைக்கு மேலே செங்கல் பெயர்ந்தது. ஓடிவந்து பார்த்தால், சிவப்பு வட்டத்துக்கு மேலே மோதிய பந்து நேரே வண்டிக்குள் விழுந்து, தலையணையில் கிளைடின் தலை பதிந்த பள்ளத்தில் கிடக்கிறது. அந்தப் பள்ளத்திலேயே, அக்கா! வெர்னனோ தெருவில் நின்று, "ஆர்லோவையே மிஞ்சிட்டான்டி!" என்று ஆனந்தக் கண்ணீர் விடுகிறார். நான் பிள்ளையின் தலையைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், இந்த நிமிஷம் வரை.

அடுத்த ஞாயிறு ரயிலில் கிளைடைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். உன் ஊரிலாவது அவன் ஆகாயத்துக்குக் கீழே பயமில்லாமல் தூங்கட்டும். அத்தானை விசாரித்ததாகச் சொல். உன் பிள்ளைகளுக்குக் கடவுள் கெட்டியான மண்டையைக் கொடுக்கட்டும்.

உன் தங்கை,
லொரெட்டா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வெர்னன் சேதியோடு வந்தார். இன்றைய அடியைப் பார்த்து உங்கள் ஊர்ப் பெரிய அணி ஹார்லனை எடுத்துக்கொண்டதாம். நான் கிளம்புவதை வெர்னன் அவனிடம் உளறியிருக்கிறார்; அவனும் அதே ரயிலில்தான் வருகிறான். கிளைடின் வண்டியைத் தானே சுமந்து வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறான். உன் மாடியில் நின்றால் மைதானத்துக் கூச்சல் கேட்குமென்று எழுதியிருந்தாயே, எவ்வளவு கிட்டத்தில் கேட்கும்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுது.