எல்லாப் பொத்தானும் பச்சை

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் இளைய மாப்பிள்ளை மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் தங்கள் மகளும் சுகம். தாங்கள் சுகமாக இருப்பதை நேற்று போனில் தாங்கள் போட்ட சத்தத்திலிருந்தே தெரிந்துகொண்டேன். நுரையீரல் அவ்வளவு தெம்பாக இருக்கிறவரிடம் நலம் விசாரிப்பது வீண் வேலை. பணிவும் இந்த வரியோடு முடிகிறது. போனில் "மாமா" என்ற ஒரு சொல்லுக்கு மேல் எனக்கு இடம் கிடைக்கவில்லை என்பதால்தான் கடிதம். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

தாங்கள் சொன்னது இரண்டு விஷயம். மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை நான் சொதப்பிவிட்டேன், ஆகவே அடுத்த வருடமும் எழுதியே தீர வேண்டும் என்பது ஒன்று. அதுவரை மெத்தைக் கடையைப் பெரிய மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்து என் பதில்: முடியாது. தேர்வு முடிவு இன்னும் வரவே இல்லை. வராத முடிவுக்கு இப்படி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிக்கிறவர், வந்தபிறகு என்ன செய்வதாக உத்தேசம்?

இது எப்படி ஆரம்பித்தது என்று தாங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. கடையில் விற்காமல் கிடக்கும் அந்தப் பெரிய ஸ்பிரிங் மெத்தையில் சாய்ந்துகொண்டு தாங்கள் தீர்ப்புச் சொன்னீர்கள். இனிமேல் படித்த ஆள்தான் கடையை நடத்த வேண்டும், பெரிய மாப்பிள்ளையிடம் அந்தப் பட்டம் இருக்கிறது, சின்ன மாப்பிள்ளை அந்தப் படிப்பில் நுழைந்து காட்டினால் கடை சின்ன மாப்பிள்ளைக்கு, இல்லாவிட்டால் பெரியவருக்கு. சகலை உடனே தன் திட்டத்தை அவிழ்த்துவிட்டார். கடையை மூடிவிட்டு, சரக்கு அடுக்கி வைக்க ஒரு கிட்டங்கி பிடித்து, எல்லா மெத்தையையும் போனிலேயே விற்றுவிடலாமாம். படுத்துப் பார்க்காமல் மெத்தை வாங்குகிற ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, உலகம் மாறிவிட்டது என்றார். சகலையிடம் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். போன மாதம் அவர் வாங்கிப்போன ஏணியைக் கேட்டபோதும் இதையே சொன்னார்.

அப்போது தலையணை உறை மடித்துக்கொண்டிருந்த உங்கள் இளைய மகள் கேட்டாள்: "நான் எழுதட்டுமாப்பா?"

தாங்கள் சிரித்தீர்கள். "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி? அதான் மாப்பிள்ளை இருக்காருல்ல" என்று என்னைக் கை காட்டினீர்கள். சகலையும் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், நல்லவேளையாக அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். மடித்த உறையையே உதறி மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் விட்டால் வீட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்தவள். அந்தக் கடை மூடினால் அவளுக்குச் சொந்த வீட்டை இடித்த மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. பதினோராம் வகுப்பில் கணக்கைத் தலைமுழுகி, தபாலில் ஒரு பட்டம் வாங்கிய லிஃப்ட் மெக்கானிக் நான். சரி, எழுதுகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. படிப்பு மோகத்தில் ஒப்புக்கொண்டதாகத் தாங்கள் நினைத்திருந்தால் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடவும். வயிற்றெரிச்சலில் ஒப்புக்கொண்டேன்.

பயிற்சி வகுப்பு ஓர் உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேல்மாடியில் நடக்கிறது. கீழே யாராவது எடையைத் தொப்பென்று போடும்போதெல்லாம் மேலே கரும்பலகை ஒரு முறை குதிக்கும். மற்ற மாணவர்களுக்கெல்லாம் இப்போதுதான் மீசை அரும்புகிறது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். உட்காருங்கள் என்று நானும் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உண்மையான வாத்தியார் வந்தார். அவருக்கும் மீசை அரும்பிக்கொண்டுதான் இருந்தது. எனக்குத் துணையாக உங்கள் மகளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சும்மா உட்காருவானேன் என்று அவளும் ஒரு விண்ணப்பம் போட்டாள். இது தங்களுக்குத் தெரியாது, இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வகுப்பில் கேட்கிற கேள்விகளைத் தாங்கள் ஒரு நாள் வந்து கேட்டிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே எழுத வேண்டியிருக்காது. ஒருவன் ஒரு வேலையைப் பத்து நாளில் முடிக்கிறான், இன்னொருவன் பதினைந்து நாளில் முடிக்கிறான், இருவரும் சேர்ந்தால் எத்தனை நாள் என்கிறார்கள். ஆறு நாளாம். எங்கள் கம்பெனியில் ஒரு லிஃப்டுக்கு இரண்டு மெக்கானிக்கை அனுப்பினால் ஒருவன் டார்ச் பிடித்துக்கொண்டு கதை பேசுவான், மற்றவன் கையை வேலையில் வைத்துக்கொண்டு கதை கேட்பான், இருபது நாளாகும். இதைச் சொன்னேன். வாத்தியார், "சார், கேள்வியில இல்லாததை நினைக்காதீங்க" என்றார். நினைக்காமல் வேலை பார்த்தால் லிஃப்ட் தலையில் இறங்கும் என்றேன். அன்றைக்குக் கீழே எடை போட்ட சத்தத்தைவிட மேலே சிரித்த சத்தம்தான் பெரிது.

அதற்கடுத்த வாரம் லாப நஷ்டக் கணக்கு. ஒரு வியாபாரி விலையை உயர்த்திக் குறித்துவிட்டு, பிறகு அதிலிருந்து தள்ளுபடி தருகிறான் என்று வாத்தியார் ஆரம்பித்தார். அவர் சொன்ன தோரணையில் பையன்களெல்லாம் அந்த வியாபாரியை ஏதோ பலே கைகாரன் என்கிற மாதிரி இளித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. எழுந்து நின்று, "எங்க மாமா வருஷக் கணக்கா அப்படித்தான் பண்றாரு, அவரை என்ன திருடன்னு சொல்றீங்களா?" என்று கேட்டேன். தங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் கேட்டேன். எந்தக் கடை, எந்தத் தெரு என்று ஒரு பையன் கேட்டபோது அதையும் சொல்லிவிட்டேன். கோபத்தில் இருக்கிற மனுஷனுக்கு வாய் ஓடும்போது பிரேக் பிடிக்காது. ஊரெல்லாம் பேச்சு என்று தாங்கள் போனில் நடுவே கத்தியது இதுவாக இருந்தால், அது தங்கள் மேல் எனக்கிருக்கும் விசுவாசத்தால் வந்தது. அதற்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

தேர்வு நாள் வந்தது. மையம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஐந்தாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததுமே ஒரு கிறீச் காதில் விழுந்தது. இது பாதி வழியில் நிற்கப்போகிற லிஃப்ட், ஏறாதீர்கள் என்று வரிசையில் நின்ற அத்தனை பேரையும் எச்சரித்தேன். ஒருவரும் மதிக்கவில்லை. உங்கள் மகளும் "நீங்க படியில வாங்க, நான் மேல இருக்கேன்" என்று ஏறிப் போய்விட்டாள். மனைவி உள்ளே இருக்கும்போது விட முடியுமா? ஒவ்வொரு மாடியிலும் நின்று, கதவுத் தண்டவாளத்தில் விரலை வைத்து அதிர்வு பார்த்துக்கொண்டே ஏறினேன். லிஃப்ட் அன்றைக்கு முழுக்க ஒரு தடவைகூட நிற்கவில்லை. அது அந்த லிஃப்டின் அதிர்ஷ்டம். என் கணிப்பில் குறையில்லை.

ஆனால் விரலெல்லாம் கிரீஸ். வாசலில் கைரேகை வைக்கிற கருவி என்னை மனிதனாகவே ஏற்றுக்கொள்ளவில்லை. கட்டை விரல் வைத்தேன், நிராகரித்தது. ஆள்காட்டி விரலையும் அப்படியே. அங்கே இருந்த பெண் ஈரத் துணியால் துடைத்தாள், கிரீஸ் இன்னும் அழகாகப் பரவியது. கடைசியில் இடது கைச் சுண்டுவிரலைத்தான் அந்தக் கருவி நம்பியது. உள்ளே போய் உட்கார்ந்தபோது மற்றவர்கள் முதல் பக்கத்தை முடித்திருந்தார்கள்.

முதல் கேள்வியே மாடிக் கேள்வி. மனதுக்குள் துள்ளினேன், நம்ம தொழில் ஆயிற்றே. ஒரு கட்டடத்தில் மருத்துவர், வக்கீல், தையல்காரர், பாடகர் என்று மாடிக்கு ஒருவராகக் குடியிருக்கிறார்கள், யார் எந்த மாடி என்று கண்டுபிடிக்க வேண்டும். கேள்வி அந்தப் பாடகரை நட்டநடுவில் குடிவைக்கிறது. மேலேயும் கீழேயும் இருப்பவன் எப்படித் தூங்குவான்? மனசு கேட்கவில்லை, அவரை மொட்டை மாடிக்குக் கீழே ஏற்றிவிட்டேன். தையல்காரரிடம் ஆட்கள் வந்துபோவார்கள், அவரைத் தரைத்தளத்தில் இறக்கினேன். கண்காணிப்பாளர் அம்மாவைக் கூப்பிட்டு, இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டா என்று மட்டும் கேட்டேன். அவர் வாயில் விரலை வைத்தார். பிறகு ஓர் ஆங்கிலப் பத்தி, அதை எழுதியவரின் மனநிலை என்ன என்று ஒரு கேள்வி. கல்யாணமான நாளிலிருந்து தங்கள் மனநிலையையே எனக்குக் கணிக்கத் தெரியவில்லை. முகம் தெரியாத அந்த ஆளின் மனநிலைக்கு நான் எங்கே போவேன்?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். திரையின் ஓரத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சின்னப் பொத்தான். விடை போட்டால் பச்சை, போடாவிட்டால் சிவப்பு. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பார்கள், தெரியாததை விட்டுவிடுங்கள் என்று வாத்தியார் கரடியாகக் கத்தியிருந்தார். கேட்டேன், புரிந்தது, ஒப்புக்கொள்ளவும் செய்தேன். ஆனால் மாமா, என் தொழிலில் பலகையில் சிவப்பு எரிந்தால் எங்கோ ஒரு ஆள் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறவன் மெக்கானிக்கே அல்ல. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தேன். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒன்றுவிடாமல் அழுத்தி அத்தனையையும் பச்சையாக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

தலையைத் திருப்பினால் இரண்டு வரிசை தள்ளி உங்கள் மகள். அவள் திரையில் பாதிக்குப் பாதி சிவப்பு. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஐயோ பாவம் என்று இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். பரவாயில்லை, பழக்கமில்லாத ஆளுக்கு இதெல்லாம் முதல் தடவையில் வராது என்றேன். "தெரிஞ்சதைப் போட்டேன், தெரியாததை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆகவே மாமா, என் முடிவைக் கேளுங்கள். இந்தத் தேர்வு வெறும் கண்கட்டு வித்தை. பாடகரை எங்கே குடிவைப்பது என்று தெரியாத ஆட்கள் போட்ட கேள்வி. இது ஒரு மனிதனை அளக்காது, அளக்கவும் முடியாது. ஒரு கடையை யார் நடத்துவது என்று இதை வைத்து முடிவு செய்வதைவிட, சீட்டுக் குலுக்கிப் போட்டுவிடலாம். நான் மறுபடி எழுத மாட்டேன். கடையையும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதை மூடுவதற்குச் சகலை சாவியோடு வந்தால், வாசலில் உட்கார்ந்திருப்பேன். என் மேல் ஏறித்தான் அவர் உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளைக்கு இவ்வளவு வாயா என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. ஆமாம், இவ்வளவுதான் வாய். அன்றைக்கு அவள் கேட்டபோது தாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்த வாய் மூடியே இருந்திருக்கும்.

அத்தைக்கு என் வணக்கம். முட்டிவலிக்குப் படி ஏற வேண்டாம் என்று சொல்லவும். சகலைக்கு என் அன்பு, ஏணியைத் திருப்பித் தரவும். பெரியவர்களாகிய தங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும், கோபம் ஆறியபின் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத இளைய மாப்பிள்ளை

பி.கு.: கவரில் பசை தடவிக்கொண்டிருந்தபோது முடிவு வந்துவிட்டது. எனக்கு வந்திருப்பது சுழியத்துக்கும் கீழே. இப்படி ஒரு மதிப்பெண் உண்டு என்பதே இன்றைக்குத்தான் தெரியும். உங்கள் மகளுக்கு நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. பயிற்சி வகுப்பிலேயே அவள்தான் முதல் என்று வாத்தியார் போன் பண்ணிச் சொன்னார். ஆகவே இந்தத் தேர்வைப் பற்றி மேலே நான் எழுதியவற்றை எல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். மிகவும் நேர்மையான தேர்வு. ஆளை அப்படியே அளந்து வைக்கிறது, என்னையும் சேர்த்து.

இனி கடையை அவளுக்கே தரச் சொல்லித் தங்களுக்கு ஒரு வரி சேர்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். கடிதத்தை வாங்கி முழுதாகப் படித்தாள். வாசலில் உட்காருவதாக நான் எழுதிய இடத்தில் சிரித்தாள். பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீங்க எங்கேயும் உக்கார வேண்டாம். அந்தக் கடையை அக்கா வீட்டுக்காரரே எடுத்துக்கட்டும். எதிர்ல செருப்புக்கடை காலியாகுது, ஓனர்கிட்டப் பேசி முடிச்சிட்டேன். வாரக் கடைசியில படிப்பு, மத்த நாள்ல அங்க மெத்தை வியாபாரம். கல்லாவுக்குப் பக்கத்துல அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடறேன்னு எழுதுங்க. கல்லாவுல நான்தான் உக்காருவேன்."